கொசுறாக வந்தது

அந்த ஆள் பேரம் பேசவில்லை. சடகோபனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

திருச்சி பெரிய கடைவீதியில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை நடத்துகிற குடும்பம் அவருடையது. அங்கே ஒரு குத்துவிளக்கு கைமாறுவதற்குள் வாங்க வந்தவர் இரண்டு தடவையாவது கோபித்துக்கொண்டு படியிறங்க வேண்டும். கடைக்காரர் தன் பிள்ளைகுட்டிகளின் வயிற்றை ஒரு தடவையாவது பேச்சில் இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டுவது. கேட்ட விலைக்கு உடனே தலையாட்டுகிறவன் பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சரக்கு இடத்தைக் காலி செய்தால் போதும் என்று இருக்கிறவனாக இருக்க வேண்டும். பழைய இரும்பு விற்கிற அம்மாசியைப் பார்த்தால் பைத்தியக்காரராகத் தெரியவில்லை.

சமயபுரம் தாண்டி, சென்னை ரோட்டிலிருந்து இடப்பக்கம் இறங்கும் மண் பாதையின் கோடியில் இருந்தது அந்தப் பழைய இரும்புக் கிடங்கு. நசுங்கிய கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வெயிலில் கிடந்தன. அம்மாசி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தன் சரக்குக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சடகோபன் தேடி வந்த சாமான் தார்ப்பாய்க்கு அடியில் தனியாகக் கிடந்தது. பிற்கால அம்பாசடர் ஒன்றின் முன்பாகம் முழுசும்: டிஸ்க் பிரேக் இரண்டு, காலிப்பர், பூஸ்டர், மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ஷாக் அப்சார்பர். துரு இல்லை. தேய்மானம் இல்லை. குறை சொல்வதற்காக மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்த வசனமெல்லாம் வீணாயிற்று. இருந்தாலும் வாயைத் திறந்து, தனக்கே கூச்சமாக இருக்கும்படி ஒரு விலை கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் அம்மாசி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சடகோபனுக்குக் காது மடல் சுட்டது. ஜெயித்தவனுக்கு வருகிற சூடு இல்லை அது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு உத்தரவு இருந்தது.

அவருடைய அம்பாசடர் எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி. அப்பா வாங்கியது, வெண்ணெய் நிறம், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி சாத்துகிற சத்தம். அழகெல்லாம் நின்றிருக்கும்போதுதான். நாலு வீலுக்கும் பழைய டிரம் பிரேக். மூன்று தடவை மிதித்தால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். வேகம் அறுபதைத் தாண்டினால் முன்பக்கம் சாமியாடும். போன மாதம் மாம்பழச் சாலையில் ஒரு பூக்காரம்மாளின் கூடையை உரசிக்கொண்டுதான் வண்டி நின்றது. பின் சீட்டில் மனைவி ரஞ்சனி இருந்தாள். வீட்டில் வந்து இறங்கிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்: "பிரேக்கை மாத்துங்க. மாத்துற வரைக்கும் என் பொண்ணு அந்த வண்டியைத் தொடக் கூடாது."

பொண்ணு என்றால் கோதா. ஒரே பெண். கல்லூரிக் கடைசி வருஷம். லைசென்ஸ் வாங்கி ஆறு வாரம் ஆகிறது. புது வண்டி எதையும் அவள் கேட்கவில்லை. நாலு வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பிடித்த ஸ்டீரிங் எதுவோ அதுதான் வேண்டும் என்றாள். சடகோபனும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆகவே பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது, பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது:

"சரி, கொசுறா என்ன தரீங்க?"

கீரை வாங்கினால் ஒரு கொத்து மல்லி, குடம் வாங்கினால் ஒரு கரண்டி. கொசுறு கேட்காமல் படியிறங்குவது அவர் வம்சத்தில் கிடையாது. நாலு போல்ட், மிஞ்சிப் போனால் ஒரு வீல் கப், அவ்வளவுதான் அவர் நினைத்தது.

அம்மாசி முதல் தடவையாகத் திரும்பினார்.

"கொசுறு நீங்களா கேக்குறீங்களா?"

"நான் கேக்காம பின்ன எங்க பாட்டனா வந்து கேப்பாரு?"

"இல்லைங்க, வாயால கேக்கணும். அதுக்குத்தான் விசாரிச்சேன்." அம்மாசி எழுந்து தோள் துண்டை உதறிப் போட்டார். "நானா குடுக்கலை. நீங்களா கேட்டு வாங்குனது. சரிங்களா?"

"சரிங்க. எங்க அது?"

"கூடவே வரும்."

கொசுறு தராமல் தப்பிக்க வியாபாரிகள் ஆயிரம் வழி வைத்திருக்கிறார்கள், இது புது வழி என்று சிரித்துக்கொண்டே சடகோபன், சாமானை ஏற்றியிருந்த குட்டி யானை வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறினார். வண்டி மண் பாதையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தார். தார்ப்பாய் கிடந்த இடத்தில் அம்மாசி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிணம் எடுத்த வீட்டில் வாசல் கழுவுவார்களே, அப்படி.

தைரியராஜ் பாலக்கரைக்காரர். முப்பது வருஷமாகப் பழைய கார்களைத் தவிர வேறு எதையும் தொடாத மெக்கானிக். வாய் மட்டும் எதையும் தொடும். ஸ்ரீரங்கத்தில், வடக்கு அடையவளஞ்சான் வீதியில், சடகோபன் வீட்டை ஒட்டிய ஷெட்டுக்கே வந்து மூன்று நாளாக வேலை பார்த்தார். வண்டியின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பழைய டிரம்மைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதை வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா நீங்க வண்டி ஓட்டலை சார். ரங்கநாதர் ஓட்டினாரு. நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க."

கோதா வாசலில் நின்று சிரித்தாள். "இனிமே நான் ஓட்டப்போறேன் அங்கிள்."

"ஓட்டும்மா. பெருமாளுக்கும் ரெஸ்ட் வேணும்ல."

இரண்டாம் நாள் கீழ் ஆர்மை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவும்போது தைரியராஜின் பேச்சு நின்றது. சடகோபன் அதைக் கவனித்தார். நின்றுபோன மின்விசிறியைக் கவனிப்பது போல. ஆர்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஏதோ துணி சிக்கியிருந்தது. தைரியராஜ் குறடால் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழத்துக்கு மேல் வந்தது. மஞ்சள் துணி. நுனியில் நீளமாக நாலைந்து தலைமயிர்.

"மண்ணெண்ணெயில கிடந்தது இவ்வளவு நேரம்" என்றார் தைரியராஜ் மெதுவாக. "மண்ணெண்ணெய் வாடையே அடிக்கலை பாருங்க."

அடிக்கவில்லை. அரைத்த மஞ்சளும் ஈர வேப்பிலையும்தான் மணத்தது. சமயபுரத்துக்கு நடந்து போகிற கூட்டம் பக்கத்தில் கடக்கும்போது வருமே, அந்த வாசனை. துணி தொட்டால் சொட்டுகிற மாதிரி ஈரமாக இருந்தது.

"நான் சர்ச்சுக்குப் போறவன் சார். இருந்தாலும் சொல்றேன். வண்டியை இறக்கினதும் நாலு வீலுக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திடுங்க."

"வைப்போம் வைப்போம்" என்றார் சடகோபன். துணியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டியிருந்தது.

"இதுக்கு ரெண்டு ஆள் வேணும் சார்" என்றார் தைரியராஜ். "ஒருத்தர் மேல பெடல்ல, ஒருத்தர் கீழ. நான் அழுத்துங்கன்னா அழுத்துங்க. பிடிங்கன்னா காலை அப்படியே வச்சிருங்க, நான் நிப்பிளைத் திறந்து டியூப் வழியா காத்தை வெளிய பாட்டிலுக்குள்ள விடுவேன். விடுங்கன்னு நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துடாதீங்க. எடுத்தீங்கன்னா வெளிய போனது திரும்ப உள்ள வந்துரும்."

சடகோபன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பின் வீல் இரண்டும் முடிந்தது. முன்னால் இடது வீலும் முடிந்தது. அழுத்துங்க, பிடிங்க, விடுங்க. அழுத்துங்க, பிடிங்க, விடுங்க. ஏதோ தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. மணி இரண்டு. கோதா கல்லூரியில். ரஞ்சனி மாடியில் தூங்குகிறாள். தெருவில் வெயில் ஒரு ஆள் விடாமல் துடைத்து வைத்திருந்தது. எங்கோ ஒரு காக்கை இரண்டு தடவை கத்திவிட்டு அதற்கே வெட்கப்பட்டது போல நிறுத்திக்கொண்டது. தைரியராஜ் ஏதோ சொன்னார், சடகோபன் 'ம்' கொட்டினார். தகரக் கூரை சூட்டில் டிக் டிக் என்று விரிகிற சத்தம் கேட்டபடியே கண் சொருகியது.

வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் எதுவோ முதுகை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. வலது வீல் பக்கம்.

"அழுத்து."

இத்தனை நேரம் இருந்த மரியாதை எங்கே போயிற்று என்று அரைத் தூக்கத்தில் ஒரு எண்ணம். பாவம், வெந்து கிடக்கிறார் என்று மன்னித்து, அழுத்தினார்.

"பிடி."

பிடித்தார். டியூப் வழியாகக் காற்று சீறியது. எண்ணெயில் குமிழிகள் உடைந்தன. வழக்கமாக இரண்டு விநாடி. இப்போது ஐந்தாயிற்று. பத்தாயிற்று. தொடை நடுங்க ஆரம்பித்தது. சீறல் நிற்கவில்லை. ஒரு கார் பிரேக்குக்குள் இவ்வளவு காற்று இருக்க முடியாது. அது விட்டு விட்டு வந்தது. உள்ளே போய், வெளியே வந்து. உள்ளே போய்.

"தைரியராஜ்?"

மஞ்சள் வாசனை காலடியிலிருந்து ஏறியது. மிதியடிக்குக் கீழே, தகரத்துக்குக் கீழே, சரியாக அவர் பாதத்துக்கு நேர் கீழே, எதுவோ ஒரு தடவை தட்டியது.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. ஒரு கையில் புது பிரேக் ஆயில் டப்பாவும் மறு கையில் டீ பார்சலுமாகத் தைரியராஜ் வெயிலிலிருந்து உள்ளே வந்தார்.

"என்ன சார், யாருக்கு பெடலைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க? ஆயில் வாங்கிட்டு வரேன்னு சொன்னேன், 'ம்' கொட்டினீங்களே."

சடகோபனின் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

விடு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சின்ன உறிஞ்சல். மூச்சு உள்ளே இழுக்கிற சத்தம்.

தைரியராஜ் குனிந்து பார்த்தார். அடியில் யாரும் இல்லை. வலது வீல் நிப்பிள் இறுக்கி மூடியிருந்தது. பாட்டிலில் கறுத்த எண்ணெய் நிறைந்திருந்தது. டியூப் பூச்சரத்தைச் சுற்றுவது போலச் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கையால் பெடலை அமுக்கிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு சார். நீங்களே கீழ படுத்து எடுத்துட்டீங்களா? கில்லாடி சார் நீங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நாக்கும் எழுந்தது. ஆனால் தான் வாங்கி வந்த சரக்கில் சொத்தை என்று அடுத்தவனிடம் ஒப்புக்கொள்ள மூன்று தலைமுறைப் பழக்கம் இடம் கொடுக்கவில்லை.

"ஆமா" என்றார் சடகோபன். "நான்தான்."

சாயங்காலம் நாலு வீலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று நசுங்கின. வலது முன் வீலுக்கு வைத்தது வீல் ஏறி இறங்கிய பிறகும் முழுசாகக் கிடந்தது. சடகோபன் யாரும் பார்ப்பதற்குள் அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாகக் கிளம்பினார்.

கொள்ளிடம் பாலம் வரை வண்டி வெண்ணெயில் கத்தி மாதிரி போயிற்று. முன்பக்க ஆட்டம் போன இடம் தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கினால் இறங்கியதே தெரியவில்லை. பயத்தை மறந்து ஒரு விநாடி சிரித்தேவிட்டார். பாலத்தின் பாதியில், அவர் கால் பெடலைத் தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே, பெடல் கீழே போயிற்று. வண்டி நின்றது. மறு நிமிஷம் ஒரு சைக்கிள் குறுக்கே வந்து கடந்தது. காப்பாற்றியதா, காட்டியதா என்று அவருக்குப் புரியவில்லை.

திரும்பி வரும்போது இரண்டாம் தடவை. இந்தத் தடவை குறுக்கே யாரும் இல்லை. காலியான ரோடு. கீழே மணலும் நாணலும் மங்கிக்கொண்டிருக்கும் வெளிச்சமும். பெடல் போயிற்று. அவர் கால் அதன் பின்னாலேயே போய் அதன் மேல் அமர்ந்தது, யாரோ கணுக்காலைப் பிடித்து வைத்தாற்போல. பின்னால் ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு ஒதுங்கியது. "யோவ், பெரிய மனுஷா, நடு பாலத்துல என்னய்யா தியானம்" என்று அதை ஓட்டி வந்தவன் கேட்டுவிட்டுப் போனான். சடகோபன் காலைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கையால் முழங்காலைப் பிடித்து இழுத்தார். முடியவில்லை. காதில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்காலில் கேட்டது.

பிடி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கால் லேசாயிற்று. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ரஞ்சனி காபியோடு வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி."

"அப்ப கோதாகிட்ட குடுத்துடலாம்ல? நான் சொன்னது பிரேக்கை மாத்துற வரைக்கும்தான்."

"பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் நாலரை மணிக்கு, சமயபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். கார் இருக்கும்போது பஸ் எதற்கு என்று ரஞ்சனி கேட்டதற்கு, பூச்சொரிதல் கூட்டத்தில் நிறுத்த இடம் இருக்காது என்றார். கூட்டம் உண்மைதான். ரோட்டோரம் நெடுக மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியுமாக, தலையில் பூத்தட்டோடு, வெறுங்காலில் சனம் நடந்துகொண்டிருந்தது. பஸ் ஜன்னல் வழியே அந்த வாசனை வந்தபோது சடகோபன் கர்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

அம்மாசி அதே நாற்காலியில் இருந்தார். இன்று நாற்காலி கிடங்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"சாமானைக் கழட்டிக் கொண்டாந்து போட்டுடறேன்" என்றார் சடகோபன். "காசு திருப்பித் தர வேணாம்." வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"கொண்டாங்க, வாங்கிக்கிறேன். அதுல ஒண்ணுமில்லை, வெறும் இரும்பு."

"அப்ப அது?"

"விலை போட்ட பொருளைத்தானே திருப்ப முடியும். கொசுறுக்கு ஏதுங்க விலை?"

"யாருங்க அது?"

அம்மாசி ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். வெகு தூரத்தில் மஞ்சள் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

"நடந்து போன ஒருத்தங்கதான். ஓட்டினவன் பிரேக்கையே பிடிக்கலைன்னு பார்த்தவங்க சொன்னாங்க. வண்டி முன்னாடி மாட்டிக்கிட்டு, ரொம்ப தூரம் இழுபட்டிருக்காங்க. அடியில இருந்து பிடி, பிடின்னு..." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் கொசுறாத்தாங்க வந்துச்சு. நானும் உங்களை மாதிரி கேட்டுட்டேன். பதினோரு மாசமா யாராவது வாயைத் திறந்து கேக்க மாட்டாங்களான்னு உக்காந்திருந்தேன்."

சடகோபனுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக, தன் கடையின் கல்லாவுக்கு எதிரே நாளைக்கு யார் யார் வந்து நிற்பார்கள் என்று மனம் வரிசை போட ஆரம்பித்தது. முசிறியிலிருந்து கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். கொசுறு கேட்காத ஆள் யார். முகங்கள் வந்தன. ஒவ்வொரு முகமாக எடை போட்டார்.

போன் அடித்தது. கோதா.

"அப்பா, எங்க இருக்கீங்க? கோயில்லயா?"

"இல்லம்மா, கொஞ்சம் தாண்டி. ஒரு வேலையா வந்தேன்."

"அங்கயே ரோட்டோரமா நில்லுங்க. வந்து ஏத்திக்கிறேன்."

"எதுல வர?"

சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் எஞ்சின் சத்தம். ஐம்பது வருஷமாகக் கேட்ட சத்தம்.

"எதுலன்னு நினைக்கிறீங்க? பூஜை ரூம் டப்பால இன்னொரு செட்டு சாவி இருக்குன்னு அம்மா எடுத்துக் குடுத்தாங்க. தைரியராஜ் அங்கிளுக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன். உங்கப்பாவே கீழ படுத்து ஏர் எடுத்திருக்காரு, கண்ணை மூடிட்டு எடும்மான்னாரு."

"கோதா. வண்டியை ஓரங்கட்டு."

"டோல்கேட் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டேன்பா. அஞ்சு நிமிஷம்."

"ஓரங்கட்டிட்டு இறங்கு. இப்பவே."

"சரியா கேக்கலப்பா, போனை சீட்டுல ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அப்பா... உங்க பக்கத்துல யாரு? அழுத்துன்னு சொல்றது யாரு?"

தொடர்பு அறுந்தது.

சடகோபன் மண் பாதையில் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. இன்னொன்றையும் உதறினார். வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, பஸ் லாரிகளெல்லாம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன. ரோட்டோரத்தில் நடந்துகொண்டிருந்த சனம் அவரைப் பார்த்து விலகி வழிவிட்டது. தெற்கே, வண்டிகளுக்கு நடுவே, வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி. பெரிதாயிற்று. நேராக, ஆட்டமே இல்லாமல், அழகாக வந்தது. உள் தடத்தில் வந்தது. கோதாவின் முகம் தெரிந்தது. அவரைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள்.

வண்டி நின்றது.

ஓரத்தில் இல்லை. வேகமான வண்டிகள் போகிற உள் தடத்தின் நடுவில். டயர் தேயவில்லை, சத்தம் இல்லை. கல்லை நட்டு வைத்தது போல நின்றது.

அவர் குறுக்கே ஓடிக் கதவைத் திறந்தார்.

"அப்பா, காலை எடுக்க முடியலப்பா."

"இறங்கு. வா, இறங்கு."

"முடியலப்பா." குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. "பிடிங்கிறாங்க. இன்னும் விடுன்னு சொல்லலை."

இரண்டு கையாலும் அவள் காலைப் பிடித்து இழுத்தார். கால் வரவில்லை. தூணைப் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. தோளில் கை கொடுத்து இழுத்தார். அவள் வலியில் கத்தினாள். தெற்கே, தொலைவில், உயரமாக, இரண்டு விளக்கு. உள் தடத்தில். ஒரு காரை முந்திக்கொண்டு வந்தது.

சடகோபன் பின்னால் ஓடிக் கையை ஆட்டினார். ஹாரன் அடித்தது. விளக்கு வேகம் குறைக்கவில்லை. திரும்ப ஓடி வந்தார். ரோட்டில் முழங்காலிட்டு, திறந்த கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தார். தார் சூடு. மஞ்சள். ஈர வேப்பிலை. அதற்கும் அடியில், தேய்ந்த சதை வாடை.

இருட்டில் எதுவோ மல்லாந்து கிடந்தது.

"விட்டுடு" என்றார். "அவ குழந்தை. என்ன வேணும்னாலும் கேளு, தரேன். கடை தரேன். என்னை எடுத்துக்க."

விலையை அவரே ஏற்றினார். இன்னும் ஏற்றினார்.

அதுவும் பேரம் பேசவில்லை.

வலது முன் வீலுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரை மஞ்சள், ஈரம் காயாத மஞ்சள். விரல்கள் அரைவட்டமாக மடங்க, உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது. சடகோபனுக்கு அந்தக் கையைத் தெரியும். முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த கை. எல்லாம் பேசி முடித்து, காசு கைமாறி, மூட்டை கட்டி, ஒரு கால் படியிறங்கிய பிறகு கடைசியாக ஒரு தடவை திரும்பி வந்து நீளுமே, அந்தக் கை.

"அப்பா" என்றாள் கோதா மேலே.

லாரியின் வெளிச்சம் ரோட்டை வெளுத்தது. ஓரத்தில் மஞ்சள் வரிசை முழுதும் அப்படியே நின்றுவிட்டிருந்தது. கை அவர் பக்கம் வரவில்லை. அவரைக் கடந்து, திறந்திருந்த கதவைத் தடவி, டிரைவர் சீட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது, உள்ளங்கை விரிந்தபடி.